ஊசி ஏறும் இடம்

மாத்தளை நகரத்து அரசினர் வைத்தியசாலைக்கு ரத்தோட்டைப் பக்கத்திலிருந்தும் எல்கடுவைப் பக்கத்திலிருந்தும் காலை பஸ்ஸில் வந்திறங்கும் தாய்மாருள் சிலர், கையில் ஒரு பழைய கிளினிக் கொப்பியுடன் வருவர். பக்கத்தில் பத்து வயதோ பன்னிரண்டு வயதோ ஆன ஒரு பிள்ளை நிற்கும். அப்பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சலில்லை; இருமலில்லை; ஓடியாடும் பிள்ளைதான். ஆயினும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பள்ளிக்கூடத்துக்கு வராமைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஓர் ஊசிக்காக அது வந்தேயாக வேண்டும். வெள்ளைச் சீருடையைக் கண்டதும் பிள்ளை தாயின் சேலைத் தலைப்புக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளும்.

"மிஸ்ஸி, போன தடவ போட்ட எடம் நாலு நாளா நோகுதுன்னு புள்ள அழுதுச்சு. இந்தத் தடவ கையிலயே போட்டுடுங்களேன்" என்று தாயார் கேட்பார்.

தாதி இதற்குச் செய்யும் தீர்மானம் அரை நிமிடத்துள் முடிந்துவிடும். எந்த ஊசி, எத்தனை நீளம், உடம்பின் எந்தப் பாகம் என்னும் மூன்றும் அந்த அரை நிமிடத்தில் அடங்கிக் கிடக்கின்றன. வெளியே வாங்கில் காத்திருப்போர்க்கு அது ஒரு சின்ன வேலை. அந்தச் சின்ன வேலையைப் பற்றியதே இப்பேச்சு.

முதலில் அப்பிள்ளையின் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டுவாதக் காய்ச்சல் என்பது தொண்டையில் தங்கும் ஒருவகைக் கிருமியின் பின்விளைவு. 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே அது பெரிதும் பிடிக்கும். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுத்துறங்கும் வீடுகளில், லயக் காம்பராக்களில், தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவரிடம் எளிதில் தாவும். மூட்டு வீக்கம் சில வாரங்களில் வடிந்துபோகும். ஆனால் இருதயத்தின் வால்வுகளில் பட்ட வடு வடிவதில்லை. தொண்டைப் புண் திரும்பவும் வந்து, காய்ச்சலும் திரும்புமானால் அவ்வடு மேலும் ஆழமாகும். அங்ஙனம் திரும்பாதிருக்கவே, உடம்பில் மெல்ல மெல்லக் கரைந்து பல நாள் நிற்கும் பென்சத்தீன் பெனிசிலின் என்னும் மருந்தைத் தசைக்குள் ஏற்றுகின்றனர். 1950களின் தொடக்கத்தில் உலகுக்குக் கிடைத்த இம்மருந்துக்கு ஈடான வேறொன்று இன்றுவரை இந்நோய்க்கு வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒன்றென்றால் ஆண்டுக்கு 17 ஊசி. குறைந்தது ஐந்தாண்டு ஏற்றவேண்டும். இருதயம் பழுதுபட்டிருந்தால் பத்தாண்டோ அதற்கு மேலுமோ ஏற்றவேண்டும். ஆக, ஒரு பிள்ளையின் உடம்பு தாங்கவேண்டிய ஊசிகள் நூற்றுக்குக் கிட்டவும் வரலாம், நூற்றைக் கடக்கவும் கூடும். இரண்டு மூன்று ஊசிகள் மோசமாக அமைந்துவிட்டால் பிள்ளை அடுத்த முறை வர மறுக்கும். கொழுந்து எடுக்கும் நாட் சம்பளத்தை விட்டு வரவேண்டிய தாயாரும், "இப்பொழுதுதான் சுகமாய் இருக்கிறதே" என்று விட்டுவிடுவார். சில ஆண்டு கழித்து, மேடேறும்போது மூச்சு வாங்குகிறது என்று அதே பிள்ளை வாலிபனாகவோ கர்ப்பிணியாகவோ வைத்தியசாலைக்குத் திரும்பும். ஊசி நோகாமல் ஏறுவது அப்பிள்ளைக்கு வெறுஞ் சௌகரியமன்று. சிகிச்சையின் ஒரு பாதியே அதுதான்.

இனி ஊசிக்கு வருவோம். துளையுள்ள ஊசியை 1844ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து வைத்தியர் பிரான்சிஸ் றின்ட் பயன்படுத்தினார். 1853இல் எடின்பரோவில் அலெக்சாந்தர் வூட்டும் பிரான்ஸ் நாட்டில் சார்ல்ஸ் பிரவாசும் ஒருவரையொருவர் அறியாமலே ஊசிக்குழலை அமைத்தனர். ஊசியின் பருமனை எண்ணால் குறிக்கும் வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு: எண் ஏற ஏற ஊசி மெலியும். இது வைத்தியர் வகுத்த கணக்கன்று. கம்பி இழுக்கும் பட்டறையிலிருந்து வந்த கணக்கு. கம்பியை மேலும் மேலும் சிறிய துளைகளின் வழியே இழுக்க எண் கூடிக்கொண்டே போகும். 18ஆம் எண் ஊசி 1.2 மில்லிமீற்றர் பருமன். 21ஆம் எண் 0.8, 23ஆம் எண் 0.6, 25ஆம் எண் அரை மில்லிமீற்றர். இன்றைய ஊசிகளின் அடியிலுள்ள பிளாஸ்திக்குப் பிடிக்கு உலகெங்கும் ஒரே நிறம் விதித்திருக்கின்றனர். 18க்கு இளஞ்சிவப்பு, 21க்குப் பச்சை, 23க்கு நீலம், 25க்குச் செம்மஞ்சள். அவசர வேளையில் எண்ணை வாசியாமல் நிறத்தைக் கண்டே எடுத்துவிடலாம்.

"மெல்லிய ஊசியாய்ப் பார்த்துப் போடுங்கள்" என்று கேட்கும் தாயாரின் எண்ணம் நியாயமானதே. ஆனால் பென்சத்தீன் பெனிசிலின் நீரைப் போன்ற மருந்தன்று. அது நீரில் கலங்கி நிற்கும் வெண்பொடி. பார்வைக்குப் பால் போலிருக்கும். மெல்லிய ஊசியில் அது நடுவழியில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஊசியை உருவி, வேறோர் ஊசி பூட்டி, அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை இரண்டாம் முறை குத்தவேண்டியதாகும். ஆதலால் இங்கே பச்சைப் பிடியுள்ள 21ஆம் எண்ணே பெரும்பாலும் பொருந்தும். வலியைக் குறைக்கும் வழிகள் வேறு பல. மருந்தைக் குப்பியிலிருந்து ஒரு ஊசியால் இழுத்து, வேறொரு புதிய ஊசியால் ஏற்றுவது ஒன்று. குப்பியின் இறப்பர் மூடியைத் துளைத்த முனை மழுங்கியிருக்கும். குளிர்பெட்டியில் இருந்த மருந்தைச் சற்றுநேரம் கைக்குள் வைத்துக் குளிர் போக்குவது இன்னொன்று. துடைத்த ஸ்பிரிட்டு உலரும்வரை பொறுப்பதும், குத்துமுன் அவ்விடத்தைப் பெருவிரலால் சிறிதுநேரம் அழுத்திப் பிடிப்பதும், மருந்தை ஒரே சீராக மிக மெல்ல ஏற்றுவதும் காசு செலவில்லாத வழிகள். வரிசை நீண்டிருக்கும் காலையில் முதலில் கைவிடப்படுவனவும் இவையே.

நீளம் பருமனிலும் முக்கியமானது. ஏனெனில் மருந்து எந்த அடுக்கில் போய்ச் சேர்கிறது என்பதை நீளமே தீர்மானிக்கின்றது. மேலே தோல், அதன்கீழ்க் கொழுப்பு, அதற்கும் கீழே தசை. இம்மூன்று அடுக்குக்கும் மூன்று வேறு வேலைகள் உண்டு.

பிறந்த குழந்தை வைத்தியசாலையை விட்டு வீடு செல்லுமுன் இடக்கையின் மேற்புறத்தில் ஏற்றப்படும் பி.சி.ஜி. தடுப்பு மருந்து தோலுக்குள்ளேயே நிற்கவேண்டும். அளவு 0.05 மில்லிலீற்றர், ஒரு துளி என்றே சொல்லலாம். மிக நுண்ணிய குட்டை ஊசியைத் தோலோடு தோலாகச் சாய்த்துச் செலுத்தினால், தோல்மேல் சிறு வெண்கொப்புளம் எழும். எழாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டதென்று பொருள். அங்கே அது சீழ்க்கட்டியை உண்டாக்கக் கூடும். இன்சுலினோ தோலின்கீழ்க் கொழுப்பில் தங்கவேண்டியது. இன்றைய பேனா ஊசிகளில் 4 மில்லிமீற்றர் நீளமே அதற்குப் போதும். வயிற்றில் ஏற்றினால் விரைவாகவும் தொடையில் ஏற்றினால் தாமதமாகவும் அது இரத்தத்தில் சேரும். நோகாத இடமென்று ஒரே புள்ளியில் நாடோறும் குத்திக்கொள்வோர்க்கு அவ்விடத்தில் கொழுப்புக் கட்டி திரளும். கட்டிக்குள் ஏற்றிய இன்சுலின் இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் வேலை செய்யும். சீனி கூடியதென்று மருந்தை ஏற்றிக்கொண்டே போகும் நோயாளியின் வயிற்றை ஒருமுறை கைவைத்துத் தடவிப் பார்த்தால் காரணம் அங்கே தட்டுப்படுவதுண்டு.

தசைக்குள் ஏற்றவேண்டிய மருந்துக்கு ஊசி நேர்நிமிர்வாக, 90 பாகையில் இறங்கவேண்டும். கைக்குழந்தைக்கு 25 மில்லிமீற்றர் நீளமுள்ள 23ஆம் எண். இடம், தொடையின் முன்வெளிப்புறத்து நடுப்பகுதி. இலங்கையில் 2008ஆம் ஆண்டு முதல் 2, 4, 6 ஆம் மாதங்களில் ஏற்றப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசி அங்கேதான் ஏறுகின்றது. பிட்டத்தில் ஏற்றாததற்குக் காரணம் எளிது. நடந்து பழகாத குழந்தைக்கு அங்கே தசை வளர்ந்திராது. நடையே அத்தசையை வளர்ப்பது.

பிட்டத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். முதுகெலும்பின் அடியிலிருந்து புறப்பட்டு, பிட்டத்தின் ஆழத்திலே பெருவிரற் பருமனாய் இறங்கி, காலுக்குச் செல்லும் ஒரு நரம்பு உண்டு. உடம்பிலுள்ள நரம்புகளுள் மிகப் பெரியது அதுவே. ஊசி அதன்மீது பட்டாலோ, மருந்து அதன் பக்கத்திலே தேங்கினாலோ, கால் மின்னல் பாய்ந்தாற்போலத் துடிக்கும். பின்னர் பாதம் தொங்கிப்போகும். தொங்கிய பாதத்தை இழுத்து இழுத்து நடக்கும் பிள்ளையைக் கண்டோர் அதை மறப்பதில்லை. இதனைத் தவிர்க்கவே, பிட்டத்தை நான்காகப் பகுத்து மேல் வெளிக் காற்பாகத்தில் ஏற்றுக என்று தாதியர் கல்லூரிகளில் கற்பித்தனர். கற்பித்தது சரியே, கோளாறு வேறிடத்தில் நேர்ந்தது. பிட்டம் என்றதும் உட்காரும் உருண்டைப் பகுதியை மாத்திரம் நினைத்து, அதை நான்காகப் பகுப்போர் பலர். உண்மையில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்தே கணக்கைத் தொடங்கவேண்டும். தொடக்கம் தவறினால் மேல் வெளிப்பாகம் என்று நினைத்த இடம் நரம்புக்கு மேலேயே வந்துவிடும். மெலிந்த பிள்ளைக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

கூச்சம் இத்தவறுக்குத் துணைபோகிறது. திரையில்லாத கூடத்தில், ஆண்களும் நிற்கையில், சேலையை நெகிழ்த்த எந்தப் பெண்ணும் கூசுவார். தாதி வற்புறுத்தமாட்டார், துணி விலகிய அளவிலேயே, தெரிகின்ற ஓரிடத்தில் ஊசியை ஏற்றிவிடுவார். அன்றைய இடத்தைத் தெரிவு செய்தது உடற்கூற்று அறிவன்று, சேலைக்கட்டு. ஊசி ஏற்றும் அறையில் ஒரு திரைச்சீலைக்கு ஆகும் செலவு சிறிதே. மருந்துக் கணக்கு எழுதுவோர் அதையும் மருந்தோடு சேர்த்து எழுதினால் தகும்.

தாயார் கேட்டபடி கையில் போட்டால் என்ன? தோளெலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரலகலம் கீழே, மேற்கையின் வெளிப்புறத்தில் உள்ள தசை நல்ல தசைதான். தடுப்பூசிக்கு வளர்ந்தோரிடத்தில் அதுவே முதலிடம். ஆனால் சிறிய தசை. ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் மருந்தைத்தான் நோகாமல் தாங்கும். பெனிசிலின் கலவையோ அதனினும் மிகுதி, திண்மையும் உடையது. பத்து வயதுப் பிள்ளையின் மெல்லிய கைக்கு அது சுமையாகும். மேலே தூக்கிக் குத்தினால் தோள்மூட்டைத் தாக்கும். கீழே இறக்கிக் குத்தினால் எலும்பைச் சுற்றிப் போகும் நரம்பைத் தாக்கும்.

கையும் வேண்டாம், பிட்டத்தின் பின்புறமும் வேண்டாம் என்றால் மூன்றாவது இடம் ஒன்றுண்டு. இடுப்பின் பக்கவாட்டிலுள்ள அவ்விடத்தை வொன் ஹொக்ஸ்ரெற்றர் என்னும் வைத்தியர் 1950களில் ஆராய்ந்து வெளியிட்டார். பெரிய நரம்போ பெரிய இரத்தக்குழாயோ அங்கில்லை, தசை தடிப்பு, மேலுள்ள கொழுப்பு பின்புறத்தை விட மெல்லியது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலைச் சற்று மடக்கச் சொல்லவேண்டும். இடுப்புக்குக் கீழே, தொடையெலும்பின் தலைப்பக்கத்து முட்டு கைக்குத் தட்டுப்படும். அதன்மேல் தாதி தம் உள்ளங்கையை வைப்பார். இடப்பக்க இடுப்புக்கு வலக்கை, வலப்பக்க இடுப்புக்கு இடக்கை. சுட்டுவிரல் இடுப்பெலும்பின் முன்முனையைத் தொடும். நடுவிரல் பின்னோக்கி விரிந்து அவ்வெலும்பின் விளிம்பைத் தொடும். இரு விரலுக்கும் இடையே விரியும் முக்கோணத்தின் நடுவே ஊசி ஏறவேண்டும். துணியைச் சற்று நெகிழ்த்தினாலே போதும். முதுகைக் காட்டிப் படுக்கவேண்டியதில்லை. கூச்சத்துக்கும் நரம்புக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கின்றது. இவ்வளவு இருந்தும் உலகின் பல பாகங்களிலும் தாதியர் பழைய இடத்தையே நாடுகின்றனர். கண்ணால் பார்த்துக் குத்தப் பழகிய கை, தொட்டு அளந்து குத்தத் தயங்குகின்றது.

பெனிசிலினைப் பொறுத்தவரை இன்னொரு காவலும் உண்டு. ஊசியை இறக்கியபின் தண்டைச் சற்றே பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். இப்பால் மருந்து இரத்தக்குழாய்க்குள் நேரே சென்றால் உயிருக்கே மோசமாகலாம். தடுப்பூசிகளுக்கு அந்தச் சோதனை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு எல்லா ஊசிக்கும் அதை விட்டுவிடலாகாது. பெனிசிலின் ஒவ்வாதவர்க்குத் திடீரென மூச்சடைத்து மயக்கம் வருமாகில், அட்ரினலினை ஏற்றவேண்டிய இடம் தொடையின் நடு வெளிப்புறத்துத் தசை. கையில் ஏற்றுவதிலும் விரைவாக அங்கிருந்து அது இரத்தத்தில் சேரும். மருந்து ஏற்றுமுன் அட்ரினலின் குப்பி மேசைமேல் இருக்கவேண்டும். அலுமாரித் திறப்பை அப்பொழுது தேடலாகாது.

இடம் தவறினால் ஊனம் வரும் என்பது ஒருபுறமிருக்க, இடம் தவறினால் மருந்தே வீணாகும் என்பதும் உண்மை. விசர்நாய் கடித்தோர்க்கு ஏற்றும் தடுப்பு மருந்தைப் பிட்டத்தில் ஏற்றலாகாது. அங்கே ஊசி தசையைச் சேராமல் கொழுப்பிலே நின்றுவிடுவதுண்டு; கொழுப்பில் தங்கிய மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் போதிய அளவு எழுப்பாது. கையில் ஏற்றுவது இதனாற்றான்.

இறுதியாக, ஊசியே ஏற்றக்கூடாத உடம்பும் உண்டு. காய்ச்சல் என்றால் ஒரு ஊசி போட்டால்தான் வைத்தியம் என்னும் நம்பிக்கை தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. குளிசை மட்டும் தந்தனுப்பிய வைத்தியரைக் கைராசி இல்லாதவர் என்று பேசுவோரும் உளர். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டனர். டெங்கில் இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துவிடும். அந்நிலையில் தசைக்குள் ஊசி ஏற்றினால் உள்ளே இரத்தம் கசிந்து திரளக் கூடும். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து வயல்களில் கண்ணாடி விரியன் தீண்டியவர்க்கும் இவ்விதியே. விஷம் இரத்தத்தை உறையவிடாது, ஆதலால் விஷமுறி மருந்து நாளத்தின் வழியே மட்டும் செல்லவேண்டும். இளம்பிள்ளை வாதம் பரவியிருந்த காலத்தில் இதனிலும் கொடிய பாடம் ஒன்று கிடைத்தது. 1949இல் இங்கிலாந்தில் அந்நோய் பரவியபோது, அண்மையில் ஊசி ஏற்றப்பட்ட கையோ காலோதான் முடங்கியது என்பதை பிராட்போர்டு ஹில்லும் நோல்டனும் 1950இல் எடுத்துக்காட்டினர். இலங்கையில் அந்நோய் 1993க்குப் பிறகு காணப்படவில்லை. தேவையற்ற ஊசி மட்டும் இன்னும் ஒழியவில்லை.

ஊசி ஏறி முடிந்தபின் அதை மூடியால் திரும்ப மூடுவது பல கைகளுக்கு ஊறிய பழக்கம். கண்ணாடிக் குழலையும் ஊசியையும் அவித்து, முனையைக் கல்லில் தீட்டித் திரும்பப் பயன்படுத்திய காலத்திலே ஊசி ஒரு சொத்து. இன்று அது ஒருமுறைக்கே உரியது. மூடப்போய்த் தாதியின் விரலில் குத்துமானால், தடுப்பூசி பெறாதவர்க்கு ஈரல் அழற்சி பி-வகை 100க்கு 30 வரை தொற்றக்கூடும். மூடாமலே தடித்த பெட்டிக்குள் இட்டுவிடவேண்டும். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இது நடக்கும். அறையின் மறுகோடியில் இருந்தால் நடவாது.

ரத்தோட்டைப் பிள்ளை இதற்குள் ஒருக்களித்துப் படுத்தாயிற்று. தாயார் தலைமாட்டில் நின்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "கால் விரல ஆட்டிக்கிட்டே இரு தம்பி" என்கிறார் தாதி. விரல் ஆடும்போது இடுப்புத் தசை இறுகாது. மருந்து மெல்ல இறங்குகிறது. பிள்ளை ஒருமுறை முகஞ்சுளித்து, "முடிஞ்சிச்சா?" என்று கேட்கிறது. தாதி கிளினிக் கொப்பியை எடுத்து, திகதியையும் மருந்தின் அளவையும் எழுதி, அவற்றின்கீழ் இன்னும் ஒரு வரி சேர்க்கிறார்: இன்று வலது இடுப்பு, அடுத்த முறை இடது.